வாழைத்தடையில் எத்தனால்: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: திருவட்டாறு பக்கம் ஒன்றரை ஏக்கரில் நேந்திரன் வாழை போட்டிருக்கிறேன். குலை வெட்டிய பிறகு கிடக்கும் தடைகளை (வாழை மரத் தண்டுகளை), பெட்ரோலில் கலக்கும் எரிசாராயமான எத்தனாலாக்கும் இயந்திரம் தருவதாகவும், எத்தனாலைத் தாங்களே திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வாழைத்தடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சமுள்ள நாரில் இருக்கும் சர்க்கரையைப் பிரித்தெடுப்பது தோட்டத்து ஷெட்டில் முடிகிற காரியமில்லை. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க இந்தியன் ஆயில் 2022-இல் பானிபட்டில் திறந்த ஆலைக்கு 900 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. உரிமம் இல்லாமல் சாராயம் வடித்தால் வழக்கு முதலில் உங்கள் மேல்தான் வரும். 'திரும்ப எடுப்போம்' என்பவரிடம் எந்த எண்ணெய் நிறுவனம் வாங்குகிறது, அதன் கொள்முதல் ஆணை எங்கே என்று கேளுங்கள். விசிட்டிங் கார்டைத்தான் நீட்டுவார்.

வீட்டில் மாடு இருந்தால் சாண எரிவாயு போதும். தினம் 50 கிலோ சாணம் கிடைத்தால் 2 கன மீட்டர் கலன் ஓடும். ஒரு நாள் வாயு ஏறக்குறைய முக்கால் கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். தடையைப் பொடியாக நறுக்கி, சில நாள் ஊறப்போட்டு, சாணத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அதிகம் போட்டால் நார் மேலே மிதந்து கலனை அடைத்துவிடும். கழிவுக்குழம்பில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) உண்டு, வாழைக்கே திரும்ப விடுங்கள். மாடு இல்லையென்றால், கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுப் பிரிவான நார்டெப் உருவாக்கிய, சமையலறைக் கழிவில் ஓடும் 'சக்தி சுரபி' கலனைப் போய்ப் பாருங்கள்.

தோட்டத்தில் தென்னையும் இருந்தால், அதன் கழிவில் சிரட்டை (கொட்டாங்குச்சி) மட்டும் தனி. அதைக் கலனிலும் போடாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள். சிரட்டைக்கரி, தண்ணீர் வடிகட்டப் பயன்படும் கார்பனாகப் போகிறது, அதனால் சிரட்டைக்கு நல்ல கிராக்கி. ஆனால் முற்றிய தேங்காயின் சிரட்டையாக, நார் நீக்கி, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். இளநீர்க் கூட்டுக்கு அந்த விலை இல்லை. கதம்பையையும் (தேங்காய் மட்டையையும்) இதோடு சேர்க்காதீர்கள், அது கயிறுக்குப் போகட்டும்.

அப்புறம், எரிவாயுக் கலனுக்கான மானியம். ஒரு சிறு கலனுக்குக்கூட விவசாயியை மேசை மேசையாக அலைய விடுகிறார்கள். அந்தச் சலிப்பில்தான் 'நான் வாங்கித் தருகிறேன்' என்று தரகர் உள்ளே நுழைகிறார். விண்ணப்பத்தை நீங்களே கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அந்த எத்தனால் இயந்திரக்காரருக்கு ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், ரசீதோ வங்கிப் பதிவோ எடுத்துக்கொண்டு இந்த வாரமே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.