ஜாவா கிராமத்தில் வெளிநாட்டவர் வயல் வாங்கலாமா?

மனைவி ஜாவாக்காரர், அவர் ஊரிலேயே வயல் வாங்கிக் குடியேறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குடியேறலாம். ஆனால் வயலை உங்கள் பெயரில் வாங்க முடியாது. 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹக் மிலிக்’ என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உண்டு. பினாமி பெயரில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த விற்பனை செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது.

மனைவி பெயரில் வாங்குவதிலும் ஒரு சிக்கல். திருமணத்துக்குப் பின் வாங்கும் சொத்து இருவருக்கும் பொது என்பதால் உங்கள் பங்கு குறுக்கே நிற்கும். ஆகவே முதலில் நோட்டரியிடம் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் செய்து பதிவுசெய்யுங்கள். அரசியல் சாசன நீதிமன்றத்தின் தீர்ப்புக்குப் பிறகு, திருமணமானவர்களும் இதைச் செய்யலாம்.

அடுத்து பத்திரம். கிராமப் பதிவேடான ‘லெத்தர் சே’ நகலை மட்டும் காட்டி விற்பார்கள். அது உரிமைச் சான்றிதழ் ஆகாது. பல தலைமுறையாகப் பிரிக்கப்படாத நிலமென்றால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் ஜகார்த்தாவில் இருந்தாலே இழுத்துவிடும். சான்றிதழ் இருந்தால் மாவட்ட நில அலுவலகத்தில் சரிபார்த்து, நிலப்பத்திர அதிகாரி முன் கிரயம் எழுதுங்கள். ஊர்த் தலைவருக்குச் சம்பளமாக விடப்படும் ‘பெங்கோக்’ நிலத்தைத் தொடவே வேண்டாம், அது கிராமத்துச் சொத்து.

வயலின் உரிமையாளர் அதே கெச்சமாத்தானில், அதாவது வட்டத்தில், குடியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. பாதுகாக்கப்பட்ட நெல் வயலில் வீடு கட்டவும் முடியாது.