வால்வு மாற்றிய பிறகு எந்த வீட்டுக்கு? சிஸ்டரிடம் கேளுங்கள்

இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் செவிலியர் பதிலளிக்கிறார்.

ஜமுனாமரத்தூர் வாசகர்: மனைவிக்கு மைட்ரல் வால்வு மாற்றியிருக்கிறார்கள், மெக்கானிக்கல் வால்வு. நாளை டிஸ்சார்ஜ். நேராக ஊருக்கு அழைத்துப் போகலாமா?

மலையேற அவசரப்படாதீர்கள், தம்பி. மெக்கானிக்கல் வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். அளவு சரியா என்று காட்டுவது ஐ.என்.ஆர். பரிசோதனை. மைட்ரல் வால்வுக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கச் சொல்வார்கள். முதல் சில வாரங்களில் அது ஏறும், இறங்கும். வாரத்துக்கு இரண்டு முறைகூட ரத்தம் எடுக்க நேரும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் கசியும். ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்கி வர முடியுமா?

ஐ.என்.ஆர். நிலைக்கு வரும்வரை வேலூரிலேயே தங்குங்கள். காகிதப்பட்டறை, சைதாப்பேட்டைப் பக்கம் வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காகவே சமைத்துக்கொள்ளும் வசதியுடன் அறைகள் கிடைக்கின்றன. அறை பார்க்கும்போது வாடகைக்கு முன் கழிவறையைப் பாருங்கள். உட்காரும் வகைதான் வேண்டும். குந்தி உட்கார்ந்தால், எழும்போது கையை ஊன்றித்தான் எழுவார். அறுத்துக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு அதைத் தாங்காது.

காய்ச்சல் வந்தால் பக்கத்துக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். அறுவை செய்த இடத்துக்கே போங்கள்.

குடியாத்தம் வாசகி: எனக்கு அயோர்டிக் வால்வு மாற்றி ஒரு வாரம் ஆகிறது. அம்மா பேரணாம்பட்டுக்குக் கூப்பிடுகிறார். மாமியார் இங்கேயே இரு என்கிறார். எங்கே போவது?

எந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் லேப் இருக்கிறதோ, அந்த வீட்டுக்கு. இரண்டு ஊரிலும் இருந்தால், எந்த வீட்டில் தண்ணீர் தூக்க வேண்டாமோ அங்கே. நெஞ்செலும்பு ஒட்டிச் சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த பிளாஸ்டிக் குடம் 15 கிலோ.

ஆற்காடு வாசகர்: இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சிஸ்டர்? தாய் வீடுதான். மாமியார் வீட்டில் ஓய்வு ஏது?

குடியாத்தம், மேற்படி வாசகியின் மாமியார்: ஆற்காட்டுக்காரருக்கு எங்கள் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? என் மருமகளை நான் குடம் தூக்க விடுவேனா?

நீங்கள் விட மாட்டீர்கள், அம்மா. அவரே தூக்குவார். முதல் இரண்டு வாரம் வலி இருப்பதால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். மூன்றாம் வாரம் வலி குறையும், குழாயில் தண்ணீர் வரும், வீட்டில் ஆள் இருக்காது. நெஞ்செலும்பில் ‘களுக்’ என்று சத்தம் வருகிறது என்று திரும்பி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதை குடத்தில் போய் நிற்கும். ஆற்காடு அண்ணா, தாய் வீட்டிலும் சிக்கல் உண்டு. பார்க்க வருகிற கூட்டத்துக்கு அம்மா காபி போட, மகள் எழுந்து டம்ளர் எடுத்துக் கொடுப்பாள்.

வாலாஜா வாசகி: இவ்வளவு பேசுகிறீர்களே, அந்தப் பெண்ணின் கணவர் எங்கே?

சரியான கேள்வி. கணவர் குடம் தூக்கினால் இரண்டு வீடும் நல்ல வீடுதான்.

போளூர் வாசகர்: அசிட்ரோம் சாப்பிடுகிறேன். முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும். வாரம் இரண்டு நாள் சாப்பிட்டுப் பழகியவர் அதே அளவில் தொடரட்டும். ஒரு வாரம் தினமும் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் கெடுதல்.

செய்யாறு வாசகி: அரைக்கீரை சாப்பிடலாமா?

மேலே பாருங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: பொன்னாங்கண்ணி?

மேலேயேதான். மணத்தக்காளிக்கும் இதே பதில், இனி யாரும் கேட்க வேண்டாம்.

நியூ ஜெர்சியிலிருந்து, சொந்த ஊர் காட்பாடி: 78 வயது அப்பாவுக்கு இங்கே நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். இப்போது ஒரு நர்சிங் மையத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். ஊரில் எல்லோரும், அப்பாவை இல்லத்தில் தள்ளிவிட்டாயா என்கிறார்கள்.

அது முதியோர் இல்லம் இல்லை என்று ஊராருக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில், தனியாக நடக்கத் தெம்பில்லாத முதியவர்களைச் சில வாரம் இப்படி அனுப்புவது வழக்கம். பிசியோதெரபி, மாத்திரை, புண் பராமரிப்பு எல்லாம் அங்கேயே நடக்கும். அந்நாட்டு அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருந்து, மூன்று நாளாவது மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்திருந்தால், முதல் 20 நாளுக்கு முழுச் செலவையும் அது ஏற்கும். 100 நாள் வரை ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால் பகலில் அப்பாவை யார் பார்ப்பது? அனுப்புங்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு வைத்திருந்தால் ஓரிரு நாளில் நேராக வீட்டுக்கே வந்திருப்பார், அது வேறு சிகிச்சை.

நம் பக்கம் இத்தகைய இடைத்தங்கல் அரிது. வீட்டில் உள்ள பெண்கள்தான் அந்த மையம்.

ஆரணி வாசகர்: பட்டுத்தறி நெய்கிறேன். எப்போது தறியில் இறங்கலாம்?

ஒரு கை கயிற்றை இழுக்க, மறு கை பலகையை அடிக்க, இரண்டும் நெஞ்செலும்பில்தான் வந்து முடியும். மூன்று மாதம் வரை தறிக் குழியில் இறங்காதீர்கள். பிறகும் மறுபரிசோதனையில் டாக்டர் சரி என்ற பின்தான். அதுவரை ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றலாம்.

ஆம்பூர் வாசகர்: மூட்டுவலி தாங்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஊசி போட்டால்…

கூடாது, கூடாது. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தசையில் ஊசி குத்தினால் உள்ளேயே ரத்தம் கட்டி வீங்கும். வலி மாத்திரையும் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கலாம். மலம் கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வால்வைக் கெடுக்கும் முடக்குக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் வேறு; அதை உங்கள் இதய டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள், போடுபவரிடம் அசிட்ரோம் பற்றிச் சொல்லுங்கள்.

காட்பாடி வாசகி: இரவில் கணவரின் நெஞ்சிலிருந்து கடிகாரம் போலச் சத்தம் கேட்கிறது. பயமாக இருக்கிறது.

மெக்கானிக்கல் வால்வு மூடும் சத்தம் அது. அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை நிம்மதியாகத் தூங்குங்கள். திடீரென்று மங்கி, மூச்சும் வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

வாணியம்பாடி வாசகர்: எனக்கு வைத்தது சித்ரா வால்வு. விலை குறைவு என்பதால் தரமும் குறைவா?

இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் உருவாக்கியது. 1990 முதல் பொருத்துகிறார்கள்.

அணைக்கட்டு வாசகர்: பல் பிடுங்க வேண்டும். அசிட்ரோமை இரண்டு நாள் நிறுத்தட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய டாக்டரைக் கேட்டு, ஐ.என்.ஆர். பார்த்து, அதன் அளவை எழுதிய நோட்டோடு பல் டாக்டரிடம் போங்கள். பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். வாயிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டாமலிருக்க.

குடியாத்தம் வாசகி: சிஸ்டர், கணவர் குடம் தூக்க ஒப்புக்கொண்டார். ஆனால் அம்மா கோபித்துக்கொண்டார்.

அம்மாவைக் குடியாத்தத்துக்கு வரச் சொல்லுங்கள். வரும்போது முருங்கைக்கீரை கட்டுக்கட்டாகக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.