எலியின் கால் எலும்பை அளக்க மைக்ரோ சிடி தேவையா? கேலிப்பர் போதாதா?

நீங்கள் பிஎச்டி முதல் வருடம் என்று நினைக்கிறேன். கைடு "சிடியும் எடுத்துடுப்பா" என்று சொல்லியிருப்பார். கட்டணத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து கேட்கிறீர்கள். சரியா?

மைக்ரோ சிடி என்பது சின்னப் பொருளின் உள்ளமைப்பை எக்ஸ்ரேயால் முப்பரிமாணத்தில் படமெடுக்கும் மெஷின். நீளம் மட்டும் போதுமென்றால் கையால் அளக்கும் கேலிப்பரே போதும். சுண்டெலியின் தொடை எலும்பு ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். அதை அளக்க எக்ஸ்ரே எதற்கு? (இதற்கே எங்கள் துறைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) ஆனால் முட்டிக்குச் சற்று மேலே எலும்புக்குள் ஒரு நுண்வலை இருக்கிறது. அதன் இழை ஒவ்வொன்றும் சுமார் 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). ஆஸ்பத்திரி சிடியில் ஒரு ஸ்லைஸே அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும், அதாவது பத்து இழைத் தடிமன். அதனால்தான் மைக்ரோ சிடி, அதிலும் 10 மைக்ரான் வோக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்). காசை மிச்சம் பிடிக்க 35 மைக்ரானில் எடுத்தால் எலும்பும் மஜ்ஜையும் ஒரே வோக்ஸலில் கலந்து, மெல்லிய இழைகூடத் தடித்ததாகத் தெரியும்.

இந்த மெஷினை ஓட்டுவதுதான் என் வேலை. அதனால் "சிடி எண்களை நம்பலாமா" என்று நீங்கள் கடைசியில் கேட்டது எனக்குச் சுருக்கென்று பட்டது.

ஒரு மாணவி தன் ஸ்கேன்களோடு வந்தார். விஸ்தார் என்ற ஆய்வக இனத்துப் பெண் எலிகள், பாதிக்குச் சினைப்பை நீக்கம். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்மானத்தை ஆராய நெடுங்காலமாகப் பயன்படும் முறை இது. ஈஸ்ட்ரஜன் போனால் அந்த நுண்வலை கரைய வேண்டும். இவர் எண்களிலோ இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கைடு "மெஷின் கோளாறு" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். மெஷின் என்றால் நான்தான்.

படங்களைத் திறந்து பார்த்தேன். எலும்பு நுனியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று எல்லா எலும்பிலும் ஒரே கணக்கில் அளவுப் பகுதியைக் குறித்திருந்தார்கள். சில எலும்புகளில் அது வளர்ச்சித் தட்டை (எலும்பு நீள்வதற்குக் காரணமான குருத்தெலும்புப் பட்டை) ஒட்டிய புது எலும்பில் போய் விழுந்திருந்தது. சினைப்பை எடுத்த எலிக்கு எலும்பு நீளவாக்கில் வேகமாக வளரும், அங்கே புது எலும்பு நிறையவே இருக்கும். அதையும் சேர்த்து எண்ணினால் தேய்ந்தது எப்படித் தெரியும்? போதாததற்கு, த்ரெஷோல்டையும் (படத்தில் எந்த வெளுப்புக்கு மேல் எலும்பு என்று எண்ணுவது என்ற வரம்பு) எலும்புக்கு எலும்பு கண்ணால் பார்த்து நகர்த்தியிருந்தார்கள். மெலிந்த எலும்பைக் கண்டால் யாருடைய கையும் அதைக் கொஞ்சம் இறக்கத்தான் செய்யும்.

வளர்ச்சித் தட்டையே தொடக்கமாக வைத்து, அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, எல்லாவற்றுக்கும் ஒரே த்ரெஷோல்டில் திரும்ப ஓட்டினோம். வித்தியாசம் பளிச்சென்று வந்தது.

பேப்பரும் வந்தது. ஸ்கேனர் மாடல், வோல்டேஜ், அலுமினியம் ஃபில்டரின் தடிமன் வரை அச்சாகியிருந்தது. ஓட்டியவன் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. பல்பு மாற்றியவனுக்கெல்லாம் பேப்பரில் இடமா என்று கேட்பீர்கள். ஆத்தர்ஷிப் கேட்கவில்லை ஐயா, ஒரு வரி. எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் டெக்னீஷியன் கதை இதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முப்பரிமாண மாடல் செய்து, எலும்பு வளைவை எதிர்க்கும் திறனைக் கணக்கிடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்று மெஷ்ஷை (மாடலின் மேற்பரப்பு வலையை) வழவழப்பாக்காதீர்கள், உருவம் சுருங்கும். வளைவை எதிர்க்கும் திறன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. திண்ம உருளையில் ஆரம் 5 சதவீதம் குறைந்தாலே அது ஏறக்குறைய 19 சதவீதம் விழும். எலும்பு உள்ளே வெற்றுக் குழாய், வெளிப்பக்கம் மட்டும் சுருங்கினால் இன்னும் மோசம்.

"எங்கள் லேபில் வேறு மாதிரி செய்வோம்" என்று கமெண்டில் வருபவர்களுக்கு: செய்யுங்கள், ஆனால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எலி எலும்பு ஸ்கேனில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று 2010இல் எலும்பு ஆய்வாளர் மேரி பூக்ஸைன் குழு ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது.

ஏற்கெனவே ஸ்கேன் எடுத்துவிட்டீர்களானால், வோக்ஸல் அளவு சரியாக இருக்கும் பட்சத்தில் மறுபடி காசு கட்ட வேண்டாம். மூலப் படங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போன்ஜே என்ற இலவச மென்பொருளிலேயே திரும்ப அளக்கலாம். இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், எல்லா எலும்பையும் ஒரே மாதிரி 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். பாதி காய்ந்தும் பாதி ஈரமாகவும் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.