எலெம் ஏன் உங்கள் நிலையங்களை ஏற்கவில்லை
வணக்கம். பெங்களூரு மெட்ரோவின் ஊதாத் தட நிலையங்களை ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் தனி டைப்பாக (மதிப்புகளின் வகையாக) எழுதி, பட்டியலில் அல்சூர் உள்ளதா என்று, பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடும் எலெம் ஃபங்ஷனைக் கொண்டு தேடியபோது, ஈக்யூ இன்ஸ்டன்ஸ் இல்லை என்ற பிழை வந்ததாக எழுதியிருந்தீர்கள். தேட வேண்டுமானால் இரு மதிப்புகள் சமமா என்று ஒப்பிட வேண்டும். உங்கள் டைப்புக்கு அந்த ஒப்பீடு எவ்வாறு நடக்கும் என்பதைக் கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), நீங்கள் சொல்லாமல் தானாக ஊகித்துக்கொள்ளாது. ஈக்யூ என்னும் டைப் கிளாஸ், ஒரு டைப்பின் மதிப்புகளைச் சமமா என்று ஒப்பிட முடியும் என்னும் ஒப்பந்தம். இன்ஸ்டன்ஸ் என்பது உங்கள் டைப் அதை நிறைவேற்றும் விதம். (ஜாவா நிரல்மொழியின் கிளாஸை இங்கே மறந்துவிடுங்கள், பெயர் மட்டுமே ஒன்று.) வரையறையின் இறுதியில் டெரைவிங் ஈக்யூ என்று சேர்த்தாலே, கம்பைலரே அந்த இன்ஸ்டன்ஸை உருவாக்கிக்கொள்ளும், பிழை நீங்கும். மதிப்புகளில் எது சிறியது, எது பெரியது என்று ஒப்பிட உதவும் ஆர்ட் (Ord) கிளாஸையும் அதேபோல் சேர்ப்பதானால், நிலையங்களை நீங்கள் எழுதும் வரிசையே சிறியது பெரியது என்னும் வரிசையாகிவிடும் என்பதால், இந்திராநகர், அல்சூர், டிரினிட்டி என்று ரயில் செல்லும் வரிசையிலேயே எழுதுங்கள், அகரவரிசையில் அல்ல.