கிடாரியை விற்று நிலத்தை உழலாமா?

கேள்வி: கென்யாவில் கஜியாடோ கவுண்டி, லொய்டோக்டோக்குக்குக் கீழே சமவெளியில் இருக்கும் மாசாய் குடும்பம் எங்களுடையது. வறட்சியில் பாதி மாடுகள் போய்விட்டன. போன அக்டோபர் மழைக்கு முதன்முறையாக 2 ஏக்கர் மக்காச்சோளம் போட்டோம். தெரிந்தவர் கொடுத்த எச்-614 விதை. ஆளுயரம் வளர்ந்து, பூவெடுக்கும் நேரத்தில் காய்ந்துவிட்டது. இந்த முறை 2 கிடாரிகளை விற்று, டிராக்டர் வைத்து 5 ஏக்கர் உழலாம் என்றிருக்கிறேன். சோளம் போடச் சொல்கிறார்கள். சரிவருமா?

பதில்: கிடாரிகளை விற்காதீர்கள். மழை பொய்த்தாலும் நாளைக்குக் கன்று போட்டு மந்தையைத் திரும்ப உண்டாக்கப் போவது அவைதான்.

பயிர் காய்ந்ததற்கு முக்கியக் காரணம் விதை. எச்-614 கிட்டாலே போன்ற குளிர்ந்த, மழை நிறைந்த மேட்டு நிலத்துக்கான ரகம். அங்கே முதிரவே ஆறு மாதம் எடுக்கும். உங்கள் வெக்கையில் கொஞ்சம் முந்தினாலும், டிசம்பரோடு ஓய்ந்துவிடும் மழைக்கு அது கட்டாது. பூவெடுத்து மணி பிடிக்கிற இரண்டு மூன்று வாரம் ஈரம் இல்லாவிட்டால், செடி எவ்வளவு உயரம் நின்றாலும் கதிர் பொக்குதான். அதே விதையை 5 ஏக்கரில் போட்டால் 5 ஏக்கர் தட்டை கிடைக்கும், அவ்வளவே.

வறண்ட பகுதிக்கென்று மச்சாகோஸ் பக்கத்துக் கட்டுமானி நிலையத்தில் உருவான கட்டுமானி மக்காச்சோளத்தைக் கேட்டு வாங்குங்கள். கதிர் சிறியது, விளைச்சலும் குறைவு. ஆனால் சற்று முன்பின்னாக மூன்று மாதத்தில் வீடு வந்து சேரும். கலப்பினம் இல்லை என்பதால் வயலின் நடுவே நல்ல கதிராகப் பார்த்து அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கலாம்.

அதே 2 ஏக்கர் போதும். ஒன்றில் மக்காச்சோளம், இடையே தட்டைப்பயறு. மற்றதில் பாசிப்பயறு, இரண்டு மாதம் சொச்சத்தில் காய் பறிக்கலாம், சந்தையிலும் போகும். மக்காச்சோளத்துக்கு வரிசை இடைவெளி 3 அடி, செடிக்குச் செடி ஓர் அடி. நெருக்கினால் இருக்கிற ஈரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு எல்லாம் சேர்ந்து வாடும். மழைக்கு முன்பே புழுதியில் மூன்று விரல் ஆழத்தில் விதைத்துவிடுங்கள். மழை பெய்த பிறகு டிராக்டருக்கு வரிசையில் நின்றால் பாதி ஈரம் போய்விடும்.

அடுத்து எரு. கைவிட்ட பழைய போமா (மாட்டுப் பட்டி) இருந்த இடத்தில் புல் தனியாகச் செழித்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். எத்தனையோ வருடச் சாணம் மட்கிக் கிடக்கிறது அங்கே. கழுதையில் ஏற்றி வந்து குழிக்கு இரண்டு கை போட்டு மண்ணோடு கலந்து விதையுங்கள். இப்போதைய பட்டியின் பச்சைச் சாணம் வேண்டாம். சூட்டில் முளை கருகும், களையும் கூடவே வரும். அறுவடைக்குப் பிறகு வயலிலேயே கிடை போட்டால் சுமக்கிற வேலையும் மிச்சம்.

வரிக்குதிரை, மான்களை முள்வேலி ஓரளவு தடுக்கும். அம்போசெலி தேசியப் பூங்காவின் யானைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வீட்டை ஒட்டிய சின்ன வயல்தான் காவலுக்கு வசதி, பயிர் நிற்கும் நாளும் குறைவாக இருக்கட்டும். 5 ஏக்கர் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்.

2017 முதல் கென்யாவில் இருக்கும் படைப்புழுவுக்கு, முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து குருத்தைப் பிரித்துப் பாருங்கள். தலையில் தலைகீழ் ஒய் எழுத்துப் போன்ற கோடு இருந்தால் அதுதான். இரண்டு ஏக்கரில் கையாலேயே பொறுக்கி நசுக்கிவிடலாம்.

சோளம் வறட்சியைத் தாங்கும், உண்மைதான். ஆனால் குவேலியா குருவிக் கூட்டம் இறங்கினால் கதிரில் மணி தங்காது. அதைவிட, மாடு வைத்திருக்கும் உங்களை நினைத்தால் எனக்குக் கவலை வேறு: இளஞ்சோளத்திலும், வாடிக் கிடந்து மழைக்குப் பின் துளிர்த்த சோளத்திலும் சயனைடு விஷம் ஏறியிருக்கும். பயிர்தான் போச்சே, மாடாவது தின்னட்டும் என்று அவிழ்த்துவிட்டால் நின்ற இடத்திலேயே விழும். போட்டே ஆக வேண்டுமென்றால் சுற்றிலும் வேலி கட்டாயம்.

மக்காச்சோளத் தட்டையை வயலில் விடாதீர்கள். காய்ந்ததும் வெட்டி, கரையானும் ஆடும் எட்டாதபடி மரக்கவட்டில் அடுக்குங்கள். பிப்ரவரியில் கறவைக்கும் கன்றுக்கும் ஆகும். கதிரை வெறும் தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சண நஞ்சு பிடிக்கும். கண்ணாடிப் பாட்டிலில் மணியையும் காய்ந்த உப்பையும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு பாட்டிலில் ஒட்டினால் இன்னும் காய வேண்டும்.