தெருவில் திரண்டவர்களும் பொதுமக்களும்: கேள்வி பதில்

கேள்வி: போராட்டக்காரர்களின் அரசியல் கருத்து பொதுமக்களின் கருத்தோடு ஒத்துப்போகிறதா?

பதில்: கோரிக்கையை மக்கள் ஏற்கிறார்களா, போராடும் முறையை ஏற்கிறார்களா, போராடுபவர்களை விரும்புகிறார்களா என்ற மூன்று கேள்விகள் இதற்குள் இருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே விடை வர வேண்டும் என்பதில்லை. 1968 ஆகஸ்டில் கேலப் நிறுவனம் எடுத்த கணிப்பில், வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று அமெரிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினார்கள். அதே மாத இறுதியில், சிக்காகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டையொட்டித் திரண்ட போர் எதிர்ப்பாளர்களைக் காவல்துறை அடித்து விரட்டியது. அதைச் சரியென்று சொன்னவர்கள் 56 விழுக்காட்டினர். போரை எதிர்த்தவர்களிலேயே ஒரு பகுதியினர், அதை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களை ஏற்கவில்லை.

கேள்வி: இலட்சக்கணக்கானோர் கூடினால் பெரும்பான்மை ஆதரவு என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. தாமாக முன்வந்தவர்களின் திரளை மக்கள்தொகையின் மாதிரியாகக் கொள்ள முடியாது. 1968 மே மாதத்தில் பிரான்சு முழுவதும் வேலைநிறுத்தத்தில் முடங்கிக் கிடந்தது. அடுத்த மாதமே நடந்த தேர்தலில் போராட்டக்காரர்கள் எதிர்த்த அதிபர் தெ கோலின் கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது.

கேள்வி: போராடுபவர்களின் கருத்தை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: ஊர்வலத்தில் இத்தனையாவது ஆள் என்று முன்கூட்டியே வரையறுத்து, அவர்களிடம் மட்டும் கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். தேர்வைக் களப்பணியாளரிடம் விட்டால், அவர் தம்மைப் போன்றவர்களையே நாடிச் செல்வார். 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக நடந்த ஊர்வலங்களை எட்டு நாடுகளில் இவ்வாறு ஆராய்ந்தார்கள். வந்திருந்தவர்களில் உயர்கல்வி பெற்றோரின் பங்கு பொதுமக்களிடையே இருப்பதைவிட மிக அதிகம்.

கேள்வி: மைதானம் நிரம்பி வழிந்ததே, அது மக்கள் ஆதரவு இல்லையா?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். கூட்டத்தின் அளவு ஆதரவின் அளவாகாது.

கேள்வி: பணம் கொடுத்து ஆள் சேர்ப்பதைப் பற்றி?

பதில்: அது புலனாய்வுச் செய்தியாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: பொதுமக்களைப் பிரதிபலிக்காதவர்களின் பேச்சை அரசு ஏன் கேட்க வேண்டும்?

பதில்: பிரதிபலிப்பதும் நியாயமும் ஒன்றல்ல என்பதால்தான். 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணிக்குச் சற்று முன், அதைப் பற்றி அறிந்திருந்தவர்களில் 23 விழுக்காட்டினரே அதை ஆதரித்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைக் கோரிக்கை அந்த எண்ணால் பிழையாகிவிட்டதா? அடுத்த ஆண்டு ஜூலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது.

முந்தைய கேள்வியைக் கேட்ட வாசகர்: வென்ற போராட்டத்தை மட்டும் எடுத்துக்காட்டுகிறீர்கள்.

பதில்: எதிர்வாதம் பொருத்தமானதே. ஆதரவுக் குறைவு ஒரு கோரிக்கையைப் பொய்யாக்காது என்றுதான் சொல்கிறேன். அது மெய்யென்று நிறுவிவிடும் என்று சொல்லவில்லை. எகிப்தைப் பாருங்கள். மக்கள் போராட்டத்தால் 2011 பிப்ரவரி 11 அன்று அதிபர் முபாரக் பதவி விலகினார். போராட்டத்தின் மையமான கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் முன்னணியில் நின்ற இளைஞர் குழுக்கள் சில இடம்பெற்றிருந்த கூட்டணி, அந்த ஆண்டு இறுதியில் தொடங்கிய நாடாளுமன்றத் தேர்தலில் மிகச் சில இடங்களையே பெற, முஸ்லிம் சகோதரத்துவம் என்ற இஸ்லாமிய இயக்கத்தின் கட்சி தலைமையேற்ற அணி முதலிடம் பிடித்தது. ஆட்சியாளர் போக வேண்டும் என்பதில் பலதரப்பினரும் சதுக்கத்தில் ஒன்றுபட்டார்கள்; அதற்குப் பின் எத்தகைய ஆட்சி வேண்டும் என்பதில் அந்த இளைஞர்களும் வாக்காளர்களில் பெரும்பாலோரும் வேறுபட்டு நின்றார்கள். எனவே எந்தப் போராட்டத்தை ஒப்பிட்டாலும், எதிர்ப்பில் உள்ள ஒற்றுமையையும் மாற்றுத் திட்டத்தில் உள்ள ஒற்றுமையையும் தனித்தனியே கேட்டு அளக்க வேண்டும்.