இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் வலி. சென்னையில் கைரோபிராக்டிக் போகலாமா?

கைரோபிராக்டிக் என்றால் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் தள்ளிச் செய்யும் சிகிச்சை. ரீல்ஸில் அப்படித் தள்ளும்போது வரும் அந்த 'டொக்' சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன்.

பெரம்பூரிலிருந்து தரமணிக்குத் தினமும் ஸ்கூட்டர். பெல்ட் கட்டும் இடத்துக்குக் கீழே, வலது பக்கம், முதுகில் குழி விழும் இடம் இருக்கிறதே, அங்கே வலி. நாற்காலியை விட்டு எழுந்தால், படுக்கையில் புரண்டால், பேன்ட் மாட்ட ஒற்றைக் காலில் நின்றால் சுரீர் என்று இழுக்கும். எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு) லேசாகப் பிதுங்கியிருப்பதாக வந்தது. வலியே இல்லாத நிறைய பேருக்கும் அப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கைரோ கிளினிக்கில் ஐந்தே நிமிஷம். "எலும்பு விலகியிருக்கு சார், பத்து சிட்டிங் பேக்கேஜ்." ஒருக்களித்துப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி ஒரு தள்ளு. டொக். எழுந்து நடந்தால் வலியைக் காணோம், சத்தியமாக. மூன்றாம் நாள் கோட்டூர்புரம் பாலம் ஏறும்போது திரும்பி வந்தது. ஆறாவது சிட்டிங்கோடு நிறுத்திவிட்டேன். மீதிப் பணம் போனது போனதுதான்.

அப்புறம் மச்சான் சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். "எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால் காட்டுங்க" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. காலை மடக்கி, அகட்டி, இடுப்பை அமுக்கி, ஒவ்வொன்றுக்கும் "இந்த வலிதானா?" என்றார். கடைசியில் வலி அங்கேதான் என்றார்: சாக்ரோஇலியாக் மூட்டு, அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடம். "விலகவெல்லாம் இல்லை சார், அது அசையறதே ரெண்டு மூணு டிகிரி. டொக்குங்கறது மூட்டு நீர்ல குமிழி உண்டாகுற சத்தம்." மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்து முட்டியை விரிப்பது என்று மூன்று மாதம். சலிப்பான வேலைதான். இப்போது முக்கால்வாசி சரி.

கைரோவே மோசடி என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட கீழ்முதுகு வலி வழிகாட்டுதலே கையால் செய்யும் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யலாம் என்கிறது. அந்தச் 'சேர்த்து'தான் எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் கைரோவுக்கு ஏறக்குறைய நான்கு வருஷப் படிப்பு உண்டு. உங்களுக்குச் செய்பவர் என்ன படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்கள் தெரு வேகத்தடையையும் சொல்லிவிடுகிறேன். விதிப்படி 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலத்தில் சரிவாக இருக்க வேண்டும். யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டுப் போனது கைப்பிடிச் சுவர். பெயின்ட்டும் கிடையாது. என் இடுப்பைக் கெடுத்ததில் அதற்குப் பாதிப் பங்கு.

இளவயசுக்காரராக இருந்து, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு நீடித்தால் வாத நோய் மருத்துவரை முதலில் பாருங்கள். சிறுநீர் போக முடியாமல், தொடையிடுக்கு மரத்துப்போனால் எந்த கிளினிக்கும் வேண்டாம், நேராக எமர்ஜென்சி.